வேட்பாளரின் செலவுக் கணக்கு: கணக்குப் பார்க்க உட்காருபவருக்கு முழு வழிகாட்டி

உங்கள் மாமாவோ தெருக்காரரோ சட்டமன்றத் தேர்தலில் நிற்கிறார். “நீ பி.காம். படிச்சவன்தானே, கணக்கை நீயே பாத்துக்கடா” என்று நோட்டை உங்கள் கையில் கொடுத்துவிட்டார். இது உங்களுக்காக எழுதியது.

புதுச்சேரியிலும் கடலூர்ப் பக்கத்திலும் வேட்பாளர்களுக்குக் கணக்கு எழுதியிருக்கிறேன், புதிதாக வருகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன். தடுமாறுகிறவர்களுக்குக் கூட்டல் கழித்தல் தெரியாமல் இல்லை. வரிசைதான் தெரிவதில்லை. செலவு முதலில், பில் அப்புறம், கணக்கு கடைசியில் என்று போகிறார்கள். தேர்தலில் அது தலைகீழ். முதலில் வங்கியில் பணம், அடுத்து அனுமதி, அடுத்து பில், அதற்குப் பிறகுதான் பணம் கொடுப்பது. கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. வரம்பைத் தெரிந்துகொண்டு, அதைத் தலைக்கு இவ்வளவு என்று உடைத்துப் பாருங்கள்

2022 ஜனவரியில் மாற்றிய வரம்புப்படி, ஒரு சட்டமன்ற வேட்பாளர் புதுச்சேரியில் 28 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம், தமிழ்நாட்டில் 40 லட்சம். மக்களவைத் தேர்தல் என்றால் புதுச்சேரிக்கு 75 லட்சம், தமிழ்நாட்டுத் தொகுதிக்கு 95 லட்சம். தேர்தல் அறிவிக்கை வந்ததும் இந்த எண்ணைத் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். இடையில் மாற்றியிருக்கலாம்.

மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் திட்டம் தப்பும். புதுச்சேரியில் ஒரு தொகுதிக்கு ஏறக்குறைய முப்பதாயிரம் சொச்சம் வாக்காளர்கள்தான். கடலூர் மாவட்டத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல். அதாவது புதுச்சேரியின் பாகூரில் நிற்கிறவருக்கு ஒரு வாக்காளருக்குச் சுமார் தொண்ணூறு ரூபாய் இடம் இருக்கிறது. கடலூர் மாவட்டக் குறிஞ்சிப்பாடியில் நிற்கிறவருக்கு இருபது ரூபாய்கூட இல்லை. அதனால் கடலூர்ப் பக்கம் வண்டியும் டீசலும் கணக்கை விழுங்கும். புதுச்சேரியில் வீடு வீடாக நடந்தே முடித்துவிடலாம், அங்கே சாப்பாடும் கூட்டமும்தான் ஏறும். கடலூரில் பார்த்த கணக்கை அப்படியே புதுச்சேரிக்குக் கொண்டுவருகிறவர்கள் இங்கேதான் முதலில் சறுக்குகிறார்கள்.

எந்த நாள் முதல் எந்த நாள் வரை? மனுத்தாக்கல் செய்யும் நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரை, இரண்டு நாளும் சேர்த்து. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 77ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. “போன மாசமே வாங்கின சால்வைதானே, கணக்குல வராது” என்று யாராவது சொல்வார்கள். மனுத்தாக்கலுக்குப் பிறகு அதைப் பயன்படுத்தினால் வரும்.

கட்சி தன் பெயரில் செய்யும் பொதுப் பிரசாரத்துக்கு வரம்பே இல்லை. ஆனால் அந்த விளம்பரத்தில் உங்கள் வேட்பாளரின் பெயரோ படமோ வந்தால், அவர் பங்கு உங்கள் நோட்டுக்கு வந்துவிடும். வரம்பைத் தாண்டினால் அது ஊழல் நடவடிக்கை, வென்ற தேர்தலே செல்லாமல் போகலாம். ஆகவே வரம்பில் முக்கால் பங்குக்கு மட்டும் திட்டம் போடுங்கள். மீதிக் கால் பங்கு, நீங்கள் எழுதாமல் அதிகாரிகள் எழுதப்போகும் செலவுகளுக்கு.

2. மனுவுக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் தனி வங்கிக் கணக்கு. தேர்தலுக்கென்றே புதிதாக, மனுத்தாக்கலுக்குக் குறைந்தது ஒரு நாள் முன்பாவது திறந்திருக்க வேண்டும். வேட்பாளர் பெயரில் தனியாகவோ, தேர்தல் முகவருடன் (வேட்பாளர் தன் சார்பில் எழுத்தில் நியமிப்பவர்) கூட்டாகவோ இருக்கலாம். பழைய கணக்கு செல்லாது. மனைவியோடு கூட்டாகத் திறப்பதும் செல்லாது, மனைவியே தேர்தல் முகவராக இருந்தால் தவிர. கூட்டுறவு வங்கி, அஞ்சலகம்கூடப் போதும். நான் சொல்வது, பணிமனைக்கு நடக்கும் தூரத்தில் இருக்கும் வங்கிக் கிளை. தேர்தல் நேரத்தில் ஸ்டேட்மென்டுக்காக நீங்கள் அடிக்கடி அங்கே நிற்பீர்கள்.

காசோலைப் புத்தகம் கைக்கு வர நாளாகும். அறிவிக்கைக்கு அடுத்த ஏழாவது நாள் மனுவுக்குக் கடைசி நாள், மறுநாள் பரிசீலனை, அதிலிருந்து இரண்டாம் நாள் வாபஸ். இந்த ஓட்டத்தில் காசோலைக்காகக் காத்திருக்க முடியாது. எனவே கணக்குத் திறக்கும்போதே இணைய வழிப் பரிமாற்றத்தையும் வாங்கி வையுங்கள்.

அடுத்தது விலைப் பட்டியல். டீ, சாப்பாடு, நாற்காலி, ஷாமியானா, மைக் செட், மாலை, வண்டி வாடகை என்று ஒவ்வொன்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் கட்சிகளோடு பேசி ஒரு விலை அறிவிப்பார். புதுச்சேரிப் பட்டியல் வேறு, கடலூர்ப் பட்டியல் வேறு. அதை வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். உங்களுக்குத் தெரிந்த பந்தல்காரர் பாதி விலைக்குப் போட்டுக் கொடுத்தாலும், அதிகாரிகள் இந்தப் பட்டியலை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். பில்லில் விலை குறைவாக இருந்தால், ஏன் குறைவு என்று நீங்கள்தான் விளக்க வேண்டும்.

டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 5,000. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும். இதெல்லாம் தேர்தல் முகவரின் வேலை, உங்களுடையது இல்லை. ஆனால் செலவு விஷயத்துக்கென்று தனியாக ஒரு கூடுதல் முகவரை நியமிக்கலாம். அந்த நியமனத்தை உங்கள் பெயரில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் ஆய்வுக்குப் போனால் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

3. பணம் எங்கிருந்து வரலாம், எப்படி வர வேண்டும்

வழி நான்குதான்: வேட்பாளரின் சொந்தப் பணம், கட்சி தரும் பணம், நன்கொடை, கடன். நான்கும் முதலில் அந்த வங்கிக் கணக்குக்குள் போய், அங்கிருந்துதான் வெளியே வர வேண்டும். வேட்பாளர் தன் சட்டைப் பையிலிருந்து டீக்கடைக்குக் கொடுப்பதைத்தான் நிறுத்தவே முடியாது. அதற்கு ஒரே வழி, காலையிலேயே கணக்கிலிருந்து ஒரு சிறு தொகை எடுத்து, கூடவே நடக்கும் ஒரு பையன் கையில் கொடுத்து, “அண்ணன் பையில கை போடக்கூடாது, எது கேட்டாலும் நீ குடு, சீட்டு வாங்கிக்க” என்று சொல்லி அனுப்புவது.

ஒருவரிடமிருந்து தேர்தல் முழுவதும் ரொக்கமாக 10,000 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது. ஒரே ஆளுக்கு, ஒரே கடைக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கவும் கூடாது. நாள் கணக்கு இல்லை, மொத்தத் தேர்தலுக்கும் சேர்த்து. புதியவர்கள் இதை “ஒரு தடவைக்கு” என்று எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுக் கடைக்குத் தினமும் ஒன்பதாயிரம் ரொக்கமாகக் கொடுத்துக்கொண்டே போவார்கள். இரண்டாம் நாளே விதி மீறியாகிவிட்டது. கட்சி தருவது காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ வர வேண்டும், ரொக்கமாக வேண்டாம்.

“நன்கொடை தந்தால் வருமான வரியில் கழியுமா?” என்று வியாபாரிகள் கேட்பார்கள். கட்சிக்கோ தேர்தல் அறக்கட்டளைக்கோ கொடுத்தால் கழியும், வேட்பாளருக்குக் கொடுத்தால் கழியாது. இதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் பணத்தைத் திரும்பக் கேட்பார்கள், அந்தத் திரும்பக் கொடுத்தலையும் நீங்கள் எழுத வேண்டியிருக்கும்.

புதுச்சேரிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழர்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே வீடு கட்டி, வீராம்பட்டினம் தேருக்கு வருகிறவர்கள்தான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் வெளிநாட்டவர். வேட்பாளர் வெளிநாட்டு நன்கொடை வாங்க வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010 தடை போடுகிறது. எவ்வளவு பழக்கமானவர் என்றாலும் பாஸ்போர்ட் என்ன என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். நெருங்கிய உறவினர் என்றால் விதி சற்று வேறு, வக்கீலைக் கேட்காமல் கை நீட்டாதீர்கள்.

பொருளாக வருவதும் நன்கொடைதான். கறிக்கடைக்காரர் தரும் கோழி, நண்பர் ஓட்டக் கொடுக்கும் கார், அலுவலகத்துக்கென்று விடும் மாடி, எல்லாவற்றுக்கும் பட்டியல் விலை போட்டு ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் செலவு என்று எழுத வேண்டும். “காசு கொடுக்கலையே” என்பது பதில் இல்லை.

4. மனுத்தாக்கல் நாள்

கணக்கு ஓட ஆரம்பிக்கும் நாள் இது, ஆனால் பலர் மறுநாள்தான் நோட்டைத் திறக்கிறார்கள். கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டுத் தவிலோடு கிளம்பும் ஊர்வலம், வழியில் வெடிக்கும் சரவெடி, கிரேனில் தூக்கிப் போடும் ராட்சத மாலை, வந்தவர்களுக்குப் பொங்கல், வடை, எல்லாம் முதல் நாள் செலவு. மாலையை ஆதரவாளர் போட்டார் என்றாலும், வேட்பாளர் தலையை நீட்டி வாங்கிக்கொண்டார் என்றால் அவர் சம்மதித்த செலவு. கிரேன் வாடகையையும் சேர்த்து.

அலுவலகத்திலிருந்து நூறு மீட்டருக்குள் மூன்று வண்டிதான், உள்ளே வேட்பாளரோடு சேர்த்து ஐந்து பேர்தான். மனுவோடு வங்கிக் கணக்கு எண்ணையும் எழுத்தில் கொடுங்கள். திரும்பும்போது செலவுப் பதிவேட்டையும், எந்தெந்த நாளில் ஆய்வு என்ற அட்டவணையையும் கையோடு வாங்கி வாருங்கள்.

வேட்பாளர் மேல் வழக்கு ஏதாவது இருந்தால், அதை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை வெளியிட வேண்டும். அந்த விளம்பரச் செலவும் அவர் கணக்குதான். சின்ன நாளிதழில் போட்டாலும் நல்ல தொகை போகும். போராட்ட வழக்குகள் நிறைய உள்ள வேட்பாளர் என்றால் திட்டத்திலேயே ஒதுக்கி வையுங்கள்.

5. மூன்று நிறப் பதிவேடு

பதிவேட்டில் மூன்று பகுதி. வெள்ளைத் தாளில் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பில் ரொக்கக் கணக்கு, மஞ்சளில் வங்கிக் கணக்கு. மூன்றும் ஒன்றோடொன்று பேச வேண்டும். வங்கியிலிருந்து ஐயாயிரம் எடுத்தால் மஞ்சளில் பற்று, இளஞ்சிவப்பில் வரவு. அதில் மூவாயிரம் செலவானால் இளஞ்சிவப்பில் குறையும், வெள்ளையில் ஏறும்.

வெள்ளைப் பக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் தேதி, என்ன செலவு, எத்தனை எண்ணிக்கை, விலை, கொடுத்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு, யாருக்கு, அவர் முகவரி, பில் எண் என்று எல்லாம் இருக்க வேண்டும். “பாக்கி” என்ற கட்டம் இருப்பதைக் கவனியுங்கள். பணம் கொடுக்கும் நாளில் இல்லை, செலவு உண்டான நாளிலேயே எழுத வேண்டும். பந்தல்காரர் தேர்தல் முடிந்துதான் வாங்குவார் என்பதற்காகக் கூட்டத்து நாளில் எழுதாமல் விட்டால், ஆய்வில் அந்தக் கூட்டத்தையே மறைத்ததாகத்தான் பார்ப்பார்கள்.

பில்லுக்கு ஒரு பழக்கம் சொல்கிறேன். இரவு பதினொரு மணிக்குச் சவுண்டு சர்வீஸ்காரர் ஒரு சிகரெட் அட்டையைக் கிழித்து “மொத்தம் 8,500” என்று எழுதி நீட்டுவார். தேதி இல்லை, எங்கே என்று இல்லை, எத்தனை பெட்டி என்று இல்லை. அதை வாங்காதீர்கள். ஒரு பில் புத்தகத்தை நீங்களே அச்சடித்து வைத்துக்கொண்டு, அவர் முன்னாலேயே நிரப்பி, கையெழுத்தும் கைபேசி எண்ணும் வாங்குங்கள். அதற்கு அங்கேயே தொடர் எண் போடுங்கள். அஞ்சல் செலவு, ரயில் டிக்கெட் மாதிரி பில் கிடைக்காத சிலவற்றுக்கு மட்டும்தான் விலக்கு. டீக்கு விலக்கு இல்லை.

தினமும் இரவே முடியுங்கள். “நாளைக்கு எழுதிக்கலாம்” என்பது மூன்று நாள் சேர்ந்தால், யார் எந்தத் தெருவில் சாப்பிட்டார்கள் என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போய்விடும்.

6. அனுமதி, அப்புறம்தான் அட்வான்ஸ்

கூட்டம், ஊர்வலம், ஒலிபெருக்கி, வண்டி, தற்காலிகப் பணிமனை எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. தேர்தல் ஆணையத்தின் ‘சுவிதா’ இணையதளத்தில் குறைந்தது 48 மணி நேரம் முன்பு விண்ணப்பியுங்கள். முதலில் கேட்பவருக்கே மைதானம். இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கிடையாது. அனுமதிக்கு முன் பந்தல்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அந்த இடத்தை எதிர்க்கட்சி வாங்கிவிட்டால், நடக்காத கூட்டத்துக்குச் செலவு எழுத வேண்டிய நிலை வரும்.

வண்டி அனுமதியில் எல்லோரும் செய்யும் தவறு, கேட்கும்போது இருபது வண்டி கேட்டுவிட்டு ஐந்தை மட்டும் ஓட்டுவது. அனுமதி இருந்தால் வண்டி ஓடியதாகவே கணக்கு ஏறும். ஓடாத குட்டி யானைக்கு நாள் வாடகை, டீசல், டிரைவர் பேட்டா எல்லாம் உங்கள் தலையில். ஓடாத வண்டியின் அனுமதியை உடனே எழுத்தில் திருப்பிக் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். அனுமதியின் அசலை முன் கண்ணாடியில் ஒட்ட வேண்டும், நகல் ஒட்டினால் பறக்கும் படை (வண்டிகளைச் சோதிக்கும் தேர்தல் குழு) நிறுத்தும்.

டிவி, கேபிள், சமூக வலைத்தள விளம்பரங்களுக்கு ஊடகச் சான்றளிப்புக் குழுவின் முன் அனுமதி வேண்டும். வேட்பாளர் மூன்று நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும். வலைத்தளத்துக்குக் கட்டிய பணம் மட்டுமல்ல, வீடியோ எடுத்தவர், மீம் போட்ட பையன்கள் சம்பளம்கூடச் செலவுதான். “தம்பிங்க சும்மா பண்றாங்க” என்றால், சும்மா பண்ணுகிறவர்கள் பட்டியலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கேட்பார்கள்.

7. அச்சு வேலை

சுயேச்சை என்றால் சின்னம் ஒதுக்கும் வரை எதையும் அச்சடிக்க வேண்டாம். கேட்ட சின்னம் கிடைக்காமல் போனால் நோட்டீஸ் மொத்தமும் குப்பை, ஆனால் செலவு மட்டும் நிற்கும். வாபஸ் முடிந்து வாக்குப்பதிவுக்குக் குறைந்தது பதினான்கு நாள் இருக்கும், அது போதும்.

ஒவ்வொரு நோட்டீஸ், சுவரொட்டியிலும் அச்சகத்தார், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிடுபவர் ஓர் உறுதிமொழி எழுதி, அவரைத் தெரிந்த இரண்டு பேர் சாட்சி போட்டு அச்சகத்தில் கொடுக்க வேண்டும். அச்சகம் எத்தனை பிரதி, என்ன விலை என்று அதிகாரிகளுக்கு அனுப்பிவிடும். ஐயாயிரம் அடித்துவிட்டு ஆயிரம் என்று எழுதுவது இந்த இடத்தில்தான் மாட்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127-ஏ பிரிவுப்படி இதை மீறினால் ஆறு மாதம் வரை சிறை.

பாகூர், கன்னியக்கோயில் பக்கம் நிற்கிறவர்களுக்குக் கடலூர் அச்சகம்தான் பக்கம். தப்பில்லை. பில்லில் ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, 34 என்றால் புதுச்சேரி. மாநிலம் விட்டு மாநிலம் வரும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு) வேண்டும். அது இல்லாமல் எல்லையில் உள்ள முள்ளோடையில் நிறுத்தினால், இரண்டு நாள் நோட்டீஸ் இல்லாமல்தான் ஓட்டுக் கேட்க வேண்டும்.

8. எல்லையும் கையில் உள்ள ரொக்கமும்

புதுச்சேரித் தொகுதிகள் தமிழ்நாட்டோடு பின்னிக் கிடக்கின்றன. மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் பக்கம் ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகவே தமிழ்நாட்டைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும். உங்கள் வண்டி அனுமதி தமிழ்நாட்டுச் சாலையில் பிரசாரம் செய்ய உதவாது. அந்தத் துண்டில் மைக்கை நிறுத்துங்கள், தாண்டியதும் போடுங்கள். அந்தப் பக்கப் பறக்கும் படை வேறு, அவர்களுக்கு உங்கள் வேட்பாளர் யாரென்றே தெரியாது.

வேட்பாளரோ முகவரோ கட்சிக்காரரோ போகும் வண்டியில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமோ, 10,000 ரூபாய்க்கு மேல் பரிசுப் பொருளோ இருந்தால் பறிமுதல். பத்து லட்சத்துக்கு மேல் என்றால் வருமான வரித் துறைக்குச் சொல்வார்கள். சம்பளப் பணத்தையே எடுத்துப் போனாலும், வங்கியில் எடுத்த சீட்டும், யார் யாருக்கு என்ற பட்டியலும் கூடவே இருக்கட்டும். தொண்டர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கோரிமேடு, முள்ளோடை, மதகடிப்பட்டு எந்தப் பக்கம் போனாலும் ஜிபேயில் அனுப்ப முடிந்ததைப் பையில் கொண்டு போகாதே.

9. ஒரு பொதுக்கூட்டத்தை எழுதுவது எப்படி

அதிகக் குளறுபடி நடப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மாலை ஆறு மணிக் கூட்டம். நீங்கள் ஐந்து மணிக்கே போய்விடுங்கள். மேடை நீள அகலம், ஷாமியானா எத்தனை, நாற்காலி எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை, ஸ்பீக்கர் பெட்டி, ஹாலஜன் விளக்கு, ஜெனரேட்டர், கொடி, தோரணம் எல்லாவற்றையும் எண்ணி, கைபேசியில் தேதி, நேரம் தெரிய படம் எடுங்கள். ஏனென்றால் வீடியோ கண்காணிப்புக் குழு அதையேதான் எடுத்துக்கொண்டிருக்கும். அவர்கள் வீடியோவை இன்னொரு குழு பார்த்து, எண்ணி, பட்டியல் விலை போட்டு உங்கள் வேட்பாளருக்கென்று வைத்திருக்கும் நிழல் பதிவேட்டில் எழுதும்.

வித்தியாசம் எப்படி வருகிறது? நீங்கள் 300 நாற்காலி என்று எழுதுவீர்கள். பந்தல்காரர் லாரியிலேயே அடுக்கி வைத்த 150 நாற்காலியும் வீடியோவில் வந்திருக்கும். அவர்கள் 450 என்று எழுதுவார்கள். உங்கள் ஐந்து மணிப் படம் இருந்தால் ஒரு நிமிடத்தில் தீரும். இல்லாவிட்டால் 450தான்.

நட்சத்திரப் பேச்சாளர் வந்தால் அவர் பயணச் செலவு கட்சி கணக்கு. அவர் பெயர், அறிவிக்கை வந்த ஏழு நாளுக்குள் கட்சி கொடுத்த பட்டியலில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு 40 பேர், மற்றப் பதிவு பெற்ற கட்சிக்கு 20 பேர். ஆனால் அவர் மேடையில் உங்கள் வேட்பாளர் ஏறினாலோ, அவர் பெயரோடு பேனர் இருந்தாலோ, கூட்டச் செலவு வேட்பாளருக்கு வரும். மேடையில் நான்கு வேட்பாளர்கள் என்றால் நான்காகப் பிரியும். பேச்சாளரின் வண்டியில் வேட்பாளரும் ஏறிக்கொண்டால் பயணச் செலவில் பாதி அவர் தலையில். “தலைவர் கூட ஒரு போட்டோ” என்று ஏறுகிறவரைத் தடுக்க முடியாது, குறைந்தபட்சம் எழுதிவிடுங்கள்.

அப்புறம் ஆரத்தி. தட்டில் வேட்பாளர் காசு போடும் வீடியோ இப்போது ஐந்து நிமிடத்தில் ஊர் சுற்றும், சி-விஜில் செயலியில் புகாராகவும் போகும். அது செலவு இல்லை, லஞ்சப் புகார். கும்பிட்டுவிட்டு நகரச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ளும் அக்காவுக்குத் தேர்தல் விதியைச் சொன்னால் புரிந்துகொள்வார்.

10. கவர் பற்றி

யாராவது உங்களிடம் இன்னொரு நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். டோக்கன், கவர், குடம், அயிட்டம் எழுத. வைத்துக்கொள்ளாதீர்கள். வாக்காளருக்குக் காசு கொடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா 170, 173 பிரிவுகளில் ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றம், எழுதிய கையெழுத்து உங்களுடையது. பணப் பட்டுவாடாவுக்காக 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் தள்ளிப்போயின, 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலே ரத்தானது.

11. ஆய்வு நாள்

பிரசார காலத்தில் குறைந்தது மூன்று முறை பதிவேட்டைத் தேர்தல் ஆணையம் அனுப்பும் செலவினப் பார்வையாளர் முன் காட்ட வேண்டும். முதல் ஆய்வுக்கு எல்லோரும் போவார்கள். இரண்டாவதன்று ஊர்வலம் இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். போகாவிட்டால் நோட்டீஸ், அதற்கும் அசையாவிட்டால் வண்டி அனுமதியையே ரத்து செய்வார்கள்.

போகும்போது பதிவேடு, பில் கோப்பு, வங்கி ஸ்டேட்மென்ட், உங்கள் நியமனக் கடிதம், கூட்டப் படங்கள் வேண்டும். அங்கே நிழல் பதிவேட்டைப் பார்க்கக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. வித்தியாசம் இருந்தால் வாயால் வாதாட வேண்டாம். நோட்டீஸ் வந்தால் 48 மணி நேரத்துக்குள் எழுத்தில், ஒவ்வொரு இனமாக, ஒப்புக்கொள்வதை ஒப்புக்கொண்டும் மறுப்பதைப் படத்தோடு மறுத்தும் பதில் கொடுங்கள். பதிலே தராவிட்டால் அவர்கள் தொகை அப்படியே ஏறும். சின்னத் தொகைக்குச் சண்டை போடாமல் ஒப்புக்கொள்வது நல்லது. முதல் படியில் மீதி வைத்த கால் பங்கு இதற்குத்தான்.

12. கடைசி 48 மணி நேரமும் வாக்குப்பதிவு நாளும்

வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பு பிரசாரம் நிற்கும். பிரசாரத்துக்கு வெளியிலிருந்து வந்த, தொகுதி வாக்காளர் அல்லாத கட்சிக்காரர்கள் வெளியேற வேண்டும். மதுக்கடைகளும் மூடியிருக்கும். அன்று மாலையே வண்டி அனுமதிகளை ஒப்படைத்துவிட்டால் அடுத்த இரண்டு நாள் வாடகை மிச்சம்.

வாக்குப்பதிவன்று பூத் ஏஜென்டுகளின் சாப்பாடு, பேட்டா, சாவடிக்கு வெளியே போடும் மேசை, நாற்காலி எல்லாம் செலவு. எத்தனை சாவடியோ அத்தனை வரி. பூத் சிலிப் வெள்ளைத் தாளில், வேட்பாளர் பெயரோ சின்னமோ இல்லாமல் இருக்க வேண்டும். பாட்டியை ஆட்டோவில் ஏற்றி வந்து ஓட்டுப் போட வைப்பது நல்ல மனசாக இருக்கலாம், சட்டத்தில் ஊழல் நடவடிக்கை. ஆட்டோ வைத்திருக்கும் தொண்டர்களிடம் முதல் நாளே சொல்லுங்கள்.

வாக்கு எண்ணும் நாள் வரை நோட்டை மூடாதீர்கள். எண்ணிக்கை முகவர்களின் சாப்பாடும், வென்றால் அன்றே வெடிக்கும் பட்டாசும் அதில் வரும்.

13. முப்பது நாளுக்குள் ஒப்படைப்பது

முடிவு அறிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் இறுதிக் கணக்கு போய்ச் சேர வேண்டும். தோற்றவரும், டெபாசிட் போனவரும் தர வேண்டும். தராவிட்டால் மூன்று ஆண்டு தேர்தலில் நிற்கத் தகுதி நீக்கம். நூறு ஓட்டு வாங்கிய சுயேச்சைகள் “நமக்கு எதுக்கு” என்று விட்டுவிட்டு, அடுத்த உள்ளூர்த் தேர்தல் வரும்போது பட்டியலில் தங்கள் பெயரைப் பார்ப்பார்கள்.

முதல் வாரத்திலேயே பாக்கிகளைக் கொடுத்து முடித்து, ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். 26ஆவது நாள் வாக்கில் கணக்குச் சரிபார்ப்புக் கூட்டம் வைப்பார்கள். நிழல் பதிவேட்டோடு உள்ள வித்தியாசத்தை அங்கே தீர்த்துக்கொண்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுவது புத்திசாலித்தனம்.

கொடுக்க வேண்டியவை: மூன்று நிறப் பதிவேடு அசல், அட்டவணைகளோடு சுருக்க அறிக்கை, தொடர் எண் போட்டு வேட்பாளர் கையெழுத்திட்ட பில்கள், வங்கி ஸ்டேட்மென்ட், பிரமாணப் பத்திரம். அட்டவணைகளின் கூட்டுத்தொகையும் பதிவேட்டின் கூட்டுத்தொகையும் ஒரே எண்ணாக வர வேண்டும். பெரும்பாலும் வராது. பொருளாக வந்த நன்கொடையை வரவில் எழுதிவிட்டுச் செலவில் விட்டிருப்பீர்கள், அங்கே முதலில் தேடுங்கள்.

கட்சி தன் பங்குக்குத் தனியாகச் சட்டமன்றத் தேர்தல் கணக்கை 75 நாளுக்குள் தேர்தல் ஆணையத்துக்கு அனுப்பும். உங்கள் வேட்பாளருக்குக் கொடுத்ததாக அவர்கள் எழுதும் தொகையும், நீங்கள் வாங்கியதாக எழுதியதும் ஒன்றாக இருக்க வேண்டும். கட்சி அலுவலகக் கணக்காளரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

ஒப்படைத்ததும் தேதியோடு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அலுவலகத்தை விட்டுக் கிளம்பாதீர்கள். முழு கோப்புக்கும் நகல் எடுத்து வையுங்கள். தேர்தல் வழக்கு போட 45 நாள் அவகாசம் உண்டு. வழக்கு வந்தால் முதலில் கேட்கப்போவது அந்த நகலைத்தான்.